மண்டபத்துப் பீமரை வலையமைப்பில் இணைப்பதும் அதன் நிலைமையை விசாரிப்பதும்



சென்ற மாதம் எமது வானொலியில் நான் பேசிய பேச்சின் எழுத்து வடிவம் இது. நிகழ்ச்சி முடிந்ததும் சில நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, இலக்கங்களைக் கடகடவெண்டு சொல்லிப் போட்டியள், எழுத நேரம் கிடைக்கேல்லை. இதழிலை போடுங்கோ" என்று கேட்டார்கள். ஆகவே ஒலிபரப்பில் சொன்னவற்றோடு, நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

விடயம் பீமர். ஊரில் இருந்தபோது புரொஜெக்டர் என்றோம். இலங்கைப் பாடநூல்களில் பல்லூடக எறியி என்று எழுதுகிறார்கள். யேர்மன்காரர் பீமர் என்கிறார்கள். எமது பிள்ளைகளும் அப்படியே சொல்ல, நாங்களும் பழகிவிட்டோம். இலண்டனில் இருக்கும் உறவினரிடம் "பீமர் வாங்கப் போகிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். பி.எம்.டபிள்யூ கார் வாங்குகிறோம் என்று நினைத்துக் கொள்வார்கள்.

ஓர் அந்தியேட்டி நாளில்

சில வருடங்களுக்கு முன் எமது சங்க மண்டபத்தில் நண்பர் ஒருவரின் தாயாருடைய முப்பத்தோராம் நாள் நினைவு நடந்தது. தாயார் வடமராட்சியில் காலமானவர். செய்தி வந்து, நண்பர் விமானச் சீட்டுத் தேடி முடிப்பதற்குள் ஊரில் தகனம் முடிந்துவிட்டது. எங்களில் பலருக்கு நடந்த கதைதான். அதனால் அம்மாவின் படங்களை ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் எடுப்பித்து, அறுபது படங்களை ஒழுங்குபடுத்தி, மண்டபத்துச் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று விரும்பினார். பீமருக்குப் பொறுப்பு நான்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் நன்றாகப் போனது. அம்மா கிணற்றடியில் நிற்கும் படம் வந்தபோது சுவர் இருண்டது. உள்ளேயிருந்த காற்றாடி பெரிய இரைச்சலோடு சுற்றியது. பீமரின் மேல் சிவப்பு லைற் மின்னியது. வயர்களைக் கழற்றிக் கொழுவினோம். அணைத்துப் போட்டோம். வெளிச்சம் வரவில்லை. "பரவாயில்லை அண்ணை, விடுங்கோ" என்றார் நண்பர். மீதிப் படங்களை அவருடைய ஹன்டியில், கையிலிருந்து கையாகக் கொடுத்துப் பார்த்தோம். பின்வரிசையில் இருந்த முதியவர்கள் சிலர் கண்ணாடி கொண்டுவராததால், பார்த்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் சங்கத்துப் பிள்ளை ஒருவன் வந்து, பீமரை ஒரு கேபிளால் ரூற்றரோடு இணைத்து, தன் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். விளக்கு நல்ல நிலையில் இருந்தது. காற்று வடிகட்டி என்ற இடத்தில் மட்டும் எச்சரிக்கை. தூசி அடைத்து, காற்றுப் போகாமல், சூடு ஏறி, பீமர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றிருக்கிறது. "மாமா, இது முதலே சொல்லியிருக்குமே?" என்று கேட்டான்.

சொல்லித்தான் இருந்தது. அதற்கு முந்திய மூன்று சனிக்கிழமைகளும் சுவரின் கீழ் மூலையில் யேர்மன் மொழியில் ஒரு வசனம் வந்தது. வகுப்புக்குத் தொந்தரவு என்று றிமோட்டை அழுத்தி அதை மறைத்தவன் நான்தான். நான் தொழிலால் கணக்காளன். வரி அலுவலகத்துக் கடிதத்தைத் திறக்காமல் லாச்சிக்குள் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அபராதத்தோடு என்னிடம் கொண்டு வருபவர்களை ஏசுகிறவன். அதே பிழையைப் பீமரிடம் நானே செய்திருந்தேன்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் தொழில்நுட்பம் படித்தவனல்ல, வர்த்தகப் பட்டதாரி. எனக்கு விளங்கினால் உங்களுக்கும் விளங்கும்.

இரண்டு வயர், இரண்டு வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பீமருக்குப் பின்னால் பல துளைகள் இருக்கின்றன. எச்.டி.எம்.ஐ. என்பது படம் வரும் வழி. பழைய நீல நிற வி.ஜி.ஏ. துளையும் படம் வரும் வழிதான். ரூற்றருக்குப் பின்னால் உள்ளது போன்ற சதுரத் துளை, அதாவது லான் துளை, வலையமைப்புக்கான வழி. பல பீமர்களில் லான் வழியாகப் படம் வராது. கட்டளைகளும் நிலைமைத் தகவல்களும் மட்டுமே போய்வரும். சில மொடல்களில், தயாரிப்பாளரின் செயலியைக் கணினியில் போட்டால் படமும் வரும். ஆகவே லான் கேபிளைக் கொழுவிவிட்டு "படம் வரவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம். படத்துக்கு எச்.டி.எம்.ஐ., விசாரிப்பதற்கு லான்.

இன்னொரு எச்சரிக்கை. சில பெரிய பீமர்களில் லான் துளையைப் போலவே தோன்றும் இன்னொரு துளை இருக்கும். அதன் மேல் எச்.டி.பேஸ்-ரி என்று எழுதியிருக்கும். அது நீண்ட தூரத்துக்குப் படம் அனுப்பும் வழி. அதை ரூற்றரில் கொழுவக் கூடாது. கேபிளைச் செருகுமுன் துளைக்கு மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள்.

மிக மலிவான பீமர்களில் லான் துளையே இருக்காது. அவற்றின் நிலைமையை மெனுவில் மட்டும்தான் பார்க்கலாம். சங்கத்துக்குப் புதிதாக வாங்குபவர்கள் லான் துளை உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

முகவரி கொடுப்பவர் யார்?

வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் வேண்டும். அதை ஐ.பி. முகவரி என்பார்கள். இந்த நாட்டில் பல வீடுகளில் பிரிட்ஸ் பொக்ஸ் என்ற ரூற்றர் இருக்கிறது. 2004 இல் முதன்முதலாக வெளிவந்த, பெர்லின் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. கடையிலிருந்து வரும்போது அதன் சொந்த முகவரி 192.168.178.1. அது மற்றக் கருவிகளுக்கு 192.168.178.20 தொடக்கம் 200 வரையுள்ள முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும். முதல் மூன்று இலக்கங்களைத் தெருவின் பெயர் என்றும், கடைசி இலக்கத்தை வீட்டு இலக்கம் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள்தான் ஒருவரை ஒருவர் நேரே கூப்பிட்டுக் கதைக்கலாம்.

இப்படி முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்தபோது அகதிகளுக்கான ஹைமில் இருந்தோம். போய் இறங்கியதும் பொறுப்பாளர் கையில் ஒரு பட்டியலோடு வந்து, "உனக்கு இந்த அறை, இந்தக் கட்டில்" என்று காட்டுவார். டி.எச்.சி.பி. அந்தப் பொறுப்பாளர்தான். கருவி வந்து கேட்கும், ரூற்றர் பட்டியலைப் பார்த்து ஓர் இலக்கம் கொடுக்கும்.

பொறுப்பாளர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? சில கருவிகள் தாமாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். ஆளில்லாத ஹைமில் ஒருவர் நடையில் பாயைப் போட்டுப் படுத்த மாதிரி. சில கருவிகள் 0.0.0.0 என்று காட்டும். இந்த இரண்டில் எதைக் கண்டாலும் பொருள் ஒன்றுதான்: பீமருக்கு ரூற்றரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கேபிள் சரியாக இறுகவில்லை, அல்லது மறுமுனை எங்கும் கொழுவப்படவில்லை, அல்லது வேலானின் கடவுச்சொல் பிழை.

படிப்படியாகச் செய்வோம்

மெனுக்களின் பெயர் மொடலுக்கு மொடல் மாறும். ஆனால் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

1. மண்டபத்தில் நிரந்தரமாகப் பொருத்திய பீமருக்கு முடிந்தவரை கேபிளையே பயன்படுத்துங்கள். வேலான் வசதியானதுதான். ஆனால் 150 பேர் ஹன்டியோடு வந்திருக்கும் மண்டபத்தில் அது தடுமாறும்.

2. பீமரைப் போட்டு, றிமோட்டில் மெனுவை அழுத்தி, நெட்ஸ்வேர்க் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே டி.எச்.சி.பி. என்பதை இயங்கவிடுங்கள். சேமித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.

3. அதே பகுதியில் ஐ.பி. முகவரி காட்டப்படும். உதாரணமாக 192.168.178.35 என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு துண்டில் எழுதுங்கள்.

4. மடிக்கணினியோ ஹன்டியோ, அதே ரூற்றரில் இணைந்திருக்க வேண்டும். அதன் உலாவியைத் திறந்து, இணையத்தள முகவரி எழுதும் இடத்தில் அந்த இலக்கத்தைப் புள்ளிகளோடு அப்படியே எழுதுங்கள். தேடும் பெட்டியில் அல்ல, மேலே முகவரி எழுதும் இடத்தில்.

5. பீமரின் பக்கம் திறக்கும். சிலவேளை "இந்த இணைப்புப் பாதுகாப்பற்றது" என்று உலாவி பயமுறுத்தும். பீமர் தன் அடையாளப் பத்திரத்தைத் தானே எழுதிக் கையொப்பமிட்டிருப்பதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் சொந்த வலையமைப்பில், நீங்களே எழுதிய முகவரிக்கு இது வந்தால் தொடரலாம். வங்கிப் பக்கத்தில் இப்படி வந்தால் ஒருபோதும் தொடர வேண்டாம்.

6. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பழைய மொடல்களில் அவை கைநூலில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை, அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. கைநூலில் உள்ள கடவுச்சொல் உலகம் முழுவதற்கும் தெரிந்த கடவுச்சொல்.

7. ரூற்றர் நாளைக்கு வேறு இலக்கம் கொடுக்காமல் இருக்க, ரூற்றரின் பக்கத்துக்குப் போய், இந்தக் கருவிக்கு எப்போதும் இதே முகவரியைக் கொடு என்ற தெரிவை அழுத்துங்கள். பிரிட்ஸ் பொக்ஸில் அந்தத் தெரிவு உண்டு. பீமரிலேயே கையால் இலக்கம் எழுதுவதைவிட இது நல்லது. பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும், இரண்டு பேருக்கு ஒரே கட்டில் போகாது.

8. கடைசியாக, பீமரின் மெனுவில் காத்திருப்பு நிலை பற்றிய ஒரு தெரிவு இருக்கும். அணைத்திருக்கும்போதும் வலையமைப்பு இயங்கட்டுமா என்று அது கேட்கும். இயங்கவிட்டால் வீட்டிலிருந்து புறப்படுமுன் சங்கத்தில் இருக்கும் ஒருவர் மடிக்கணினியிலேயே நிலைமையைப் பார்க்கலாம். கொஞ்சம் மின்சாரம் கூடப் போகும். நாங்கள் நிகழ்ச்சிக் கிழமையில் மட்டும் இயங்கவிட்டு, மற்ற நாட்களில் நிறுத்திவைக்கிறோம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வீட்டிலிருந்தே பீமரைப் பார்க்கலாம் என்ற ஆசையில், ரூற்றரில் வெளியுலகத்துக்கு வாசல் திறந்துவிடாதீர்கள். பீமர் சங்கத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

ஏன் சில மண்டபங்களில் இணைவதில்லை?

"எல்லாம் நீங்கள் சொன்னபடி செய்தோம், பக்கம் திறக்கவில்லை" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். பல தடவைகளில் காரணம் விருந்தினர் வேலான். மண்டபத்தில் பீமர் உள் வலையமைப்பில் இருக்கும். எங்களுக்குத் தரப்பட்ட கடவுச்சொல் விருந்தினருக்கானது. பிரிட்ஸ் பொக்ஸில் விருந்தினர் தெரு வேறு; அது 192.168.179 என்று தொடங்கும். அங்கிருந்து இணையத்துக்குப் போகலாம், ஆனால் உள்ளே இருக்கும் கருவிகளைப் பார்க்க முடியாது. விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் வழமையாகத் தடுக்கப்பட்டிருக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

பல மண்டபங்களில் நீண்ட காலம் விருந்தினர் வேலானே இருக்கவில்லை. யாரோ ஒருவர் அதில் சட்டவிரோதமாகப் படம் இறக்கினால் வேலான் சொந்தக்காரர் பொறுப்பு என்ற பயம். 2017 இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பயம் பெருமளவு குறைந்தது.

சனிக்கிழமைகளில் எமது தமிழ் வகுப்புகள் பல யேர்மன் பாடசாலைக் கட்டடங்களில் நடக்கின்றன. 2019 இல் தொடங்கிய டிஜிட்டல்பக்ட் திட்டத்தில் மத்திய அரசு 500 கோடி யூரோ ஒதுக்கியதால் பல பாடசாலைகளுக்கு வேலானும் பீமர்களும் பெரிய திரைகளும் வந்தன. அவை அந்தப் பாடசாலையின் பொறுப்பில் உள்ளவை. அங்கே சுவரில் இருக்கும் லான் கேபிளைக் கழற்றி எமது கணினியில் கொழுவக் கூடாது. மாணவர் விபரங்கள் இருக்கும் வலையமைப்பு அது. தேவையானால் ஹவுஸ்மைஸ்டரிடம் இரண்டு கிழமைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எந்த நாள், எந்த அறை, என்ன கருவி என்ற மூன்றையும் எழுதுங்கள். சில இடங்களில் மக் முகவரியும் கேட்பார்கள். அது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த அடையாள இலக்கம். நெட்ஸ்வேர்க் மெனுவில் காணலாம்.

அனுமதி கிடைக்காவிட்டால் எளிய வழி ஒன்று உண்டு. எங்கள் சொந்தப் பீமரை, எங்கள் சொந்தச் சிறிய ரூற்றரோடு கொண்டுபோவது. இணையமே இல்லாத பழைய ரூற்றர் போதும். பீமரும் மடிக்கணினியும் ஒரே தெருவில் இருந்தால் விசாரிக்கலாம்; விசாரிப்பதற்கு இணையம் தேவையில்லை.

நிலைமைப் பக்கத்தில் என்ன பார்ப்பது?

ஸ்ராற்றுஸ் என்ற சொல்லை இந்த நாட்டில் எங்களில் பலர் முதலில் கேட்டது வெளிநாட்டவர் அலுவலகத்தில். அந்தச் சொல் அச்சிட்ட தாளைக் கண்டால் இன்றும் சிலருக்கு நெஞ்சு ஒருமுறை அடிக்கும். பீமரின் ஸ்ராற்றுஸ் பக்கத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து விடயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, இயங்கு நிலை. காத்திருக்கிறதா, சூடேறுகிறதா, இயங்குகிறதா, ஆறுகிறதா என்று காட்டும். "ஆறுகிறது" என்று இருக்கும்போது மீண்டும் போட முயன்றால் வெளிச்சம் வராது. எமது அந்தியேட்டி நாளில் நாங்கள் மாறி மாறி அழுத்தியது வீண்வேலை.

இரண்டாவது, எந்த வழியால் படம் வருகிறது என்பது. படம் வராவிட்டால், பீமர் எச்.டி.எம்.ஐ. ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க, கேபிள் எச்.டி.எம்.ஐ. இரண்டில் இருக்கலாம். கூரையில் பொருத்திய பீமருக்கு ஏணி வைத்து ஏறாமலே இதை அறியலாம்.

மூன்றாவது, வெப்பநிலை. நான்காவது, காற்று வடிகட்டி. இந்த இரண்டும் அண்ணன் தம்பி. வடிகட்டி அடைத்தால் வெப்பம் ஏறும். எமது விழாக்களில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். வாணி விழாவில் கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் எரியும். அந்தப் புகை பீமருக்குள் போய் வடிகட்டியில் படியும். நடன நிகழ்ச்சியில் மேடைப் புகையும் அப்படித்தான். பூசை நடக்கும்போது பீமரை அணைத்து மூடிவைப்பது நல்லது. விழா முடிந்த கிழமை, பீமர் ஆறியபின் மின்வயரைக் கழற்றிவிட்டு, வடிகட்டியை வெளியே எடுத்துக் கைநூலில் சொன்னபடி தூசி தட்டுங்கள்.

ஐந்தாவது, விளக்கு எரிந்த மணித்தியாலங்கள். இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

விளக்கின் கணக்கு

பல பீமர்களில் இருக்கும் விளக்கு யு.எச்.பி. வகையைச் சேர்ந்தது. யேர்மனியின் ஆஹன் நகரில் இருந்த பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் உருவாகி, 1995 இல் சந்தைக்கு வந்த கண்டுபிடிப்பு இது. மிகச் சிறிய படிகக் குமிழுக்குள் பாதரசம் இருக்கும். எரியும்போது உள்ளே அழுத்தம் 200 பாருக்கு மேல் போகும். கார் ரயரில் இரண்டு மூன்று பார்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது இந்த அழுத்தத்தில் மீண்டும் பற்றவைக்க முடியாது. அதனால்தான் ஆறும்வரை பொறுக்க வேண்டும். மின்வயரைச் சடுதியாக இழுக்கவேண்டாம் என்று கைநூலில் எழுதியிருந்தால் அதற்கும் காரணம் இந்தச் சூடுதான்.

தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் மொடலைப் பொறுத்தது. 4000 மணித்தியாலம் என்று ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு தமிழ் வகுப்பு வருடத்தில் 40 சனிக்கிழமை, ஒவ்வொரு நாளும் 2 மணித்தியாலம் பாவித்தால் 80 மணித்தியாலம். 4000 ஐ 80 ஆல் பிரித்தால் 50 வருடம்! ஆகவே வகுப்புப் பீமரின் விளக்கு மணித்தியாலத்தால் முடிவதில்லை. தூசியாலும் சூட்டாலும், அடிக்கடி போட்டு அணைப்பதாலும்தான் முடியும். ஐந்து நிமிட இடைவேளைக்கு அணைக்காதீர்கள். படத்தை மட்டும் மறைக்கும் பொத்தான் றிமோட்டில் இருக்கிறது. மாறாக, ஓர் உணவகத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 2400 மணித்தியாலம். அங்கே 20 மாதத்தில் புதிய விளக்குக்குப் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

பழைய பீமர் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். விளக்கை மாற்றியபின் அதன் கணக்கைப் பூச்சியமாக்கும் வசதி மெனுவில் உண்டு. விளக்கை மாற்றாமலும் அதைச் செய்யலாம்! ஆனால் சில மொடல்களில் பீமரின் மொத்த இயங்கு நேரம் வேறாகக் காட்டப்படும். விளக்கு 200 மணித்தியாலம், மொத்தம் 6000 மணித்தியாலம் என்று இருந்தால், விளக்கை எப்போது மாற்றினார்கள், பற்றுச்சீட்டு உண்டா என்று கேளுங்கள். இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழிற்பழக்கம், உங்களுக்கும் பயன்படும்.

லேசர் ஒளியில் இயங்கும் புதிய பீமர்களுக்கு 20,000 மணித்தியாலம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விளக்கு மாற்றும் செலவு இல்லை. ஆனால் அவற்றுக்கும் சூடு பிடிக்காது. வடிகட்டி இருந்தால் அதையும் துப்புரவு செய்யவேண்டும்.

முடிந்துபோன விளக்கை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. உங்கள் நகரத்து வேர்ட்ஸ்ரொஃப்கோஃபில், அதாவது கழிவுப்பொருள் சேகரிக்கும் நிலையத்தில் கொடுக்கலாம்.

எல்லாத் தயாரிப்புகளுக்கும் ஒரு பொது மொழி

ஒவ்வொரு நிறுவனமும் தன் பக்கத்தைத் தன் விருப்பப்படி அமைக்கிறது. இதற்காக ஜப்பானின் அலுவலக இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் 2005 இல் பி.ஜே.லிங்க் என்ற பொதுமொழியை உருவாக்கியது. இந்த அடையாளம் உள்ள எந்தப் பீமரையும், யார் தயாரித்திருந்தாலும், ஒரே மாதிரிக் கேள்வி கேட்கலாம். 4352 என்ற வாசல் இலக்கத்தில் அது பதில் சொல்லும். கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு நல்ல ஒரு பயிற்சி இது.

இதில் எனக்குப் பிடித்தது பழுது பற்றிய கேள்வி. பதிலாக ஆறு இலக்கங்கள் வரும். இடமிருந்து வலமாகக் காற்றாடி, விளக்கு, வெப்பநிலை, மூடி, வடிகட்டி, ஏனையவை. 0 என்றால் பழுதெதுவும் காணப்படவில்லை, 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் பழுது. 000000 என்று வந்தால் கவலையில்லை. அந்தியேட்டிக்கு அடுத்த நாள் பிள்ளை கேட்டபோது எங்கள் பீமர் சொன்னது 000010. ஐந்தாவது இடத்தில் ஒரு சின்ன ஒன்று. மூன்று கிழமையாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

வலையமைப்பில் இணைக்கும் பீமர்கள் பலவற்றில், எச்சரிக்கை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் உண்டு. அதை ஒரு தனியாளின் முகவரிக்கு அல்லாமல் சங்கத்தின் பொது முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் யாரிடம்?

எமது சங்கங்களில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எல்லாவற்றையும் செய்துவைப்பார். பிறகு படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போய்விடுவார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். கணக்குப் புத்தகத்தை ஒருவர் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்று சங்க யாப்பில் எழுதுகிறோம். இதற்கும் அப்படித்தான் செய்யவேண்டும்.

ஒரு தாளில் பீமரின் மொடல், ஐ.பி. முகவரி, மக் முகவரி, வாங்கிய திகதி, விளக்கு மாற்றிய திகதி, வடிகட்டி துப்புரவு செய்த திகதி ஆகியவற்றை எழுதிப் பீமர் இருக்கும் அலுமாரியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல், உறையிலிட்டுச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் கொடுங்கள். மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து பொறுப்பெடுப்பது இன்னும் நல்லது. பிள்ளைக்குக் கருவி விளங்கும், எங்களுக்கு எந்த நாள் முக்கியமான நாள் என்று விளங்கும்.

நிகழ்ச்சிக்கு மூன்று நாட்களுக்கு முன் ஒருமுறை, நிகழ்ச்சியன்று மக்கள் வருமுன் ஒருமுறை. பீமரைப் போட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டு நிலைமைப் பக்கத்தைப் பாருங்கள். சூடு சம்பந்தமான பழுது முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. அதனால்தான் அரை மணித்தியாலம் என்கிறேன்.

அடுத்த வருடம் நண்பரின் தாயாருடைய ஆட்டைத் திவசம் வந்தது. அவர் பீமர் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாங்களாகவே கேட்டோம். "அண்ணை, திரும்பவும் கரைச்சலோ?" என்று தயங்கினார். மூன்று நாட்களுக்கு முன் வடிகட்டியைத் துப்புரவு செய்து, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தோம். திவசத்தன்று நான் பின்வரிசையில் மடிக்கணினியோடு இருந்தேன். அறுபது படங்களும் சுவரில் போயின. கிணற்றடிப் படம் வந்தபோது, பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "உது எங்கட பழைய துலாக் கிணறெல்லோ" என்று எழுந்து நின்று பார்த்தார்.

உங்கள் சங்கத்துப் பீமரையும் இந்தக் கிழமை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த பேச்சில் பதில் சொல்ல முயல்கிறேன்.